பாதி வழியில் மாறிய தொகுதிக் கோடுகள்: அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களின் சண்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலையில் டெக்சஸில் தொடங்கிய சண்டை இது. டிசம்பரில் இண்டியானாவில் யாரும் எதிர்பாராத ஒரு வாக்கெடுப்பு நடப்பதற்குள் அரை டஜன் மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. செய்திகளில் துண்டு துண்டாக வந்ததால் பலருக்குக் குழப்பம். அடிக்கடி காதில் விழும் கேள்விகளை எடுத்து, அந்த ஆறு மாதக் கதையையும் அதற்கு முந்தைய வரலாற்றையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

சண்டை எதைப் பற்றி? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் 435 இடங்கள். 2024 தேர்தலில் குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215. அதாவது மூன்று இடங்கள் கை மாறினாலே அவை கை மாறிவிடும். அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் வரும் தேர்தலில் அவருடைய கட்சி இடங்களை இழப்பதுதான் அங்கே பெரும்பாலும் நடக்கும் கதை. அடுத்த தேர்தலோ 2026 நவம்பரில். வாக்காளர்களின் மனதை மாற்றுவது கஷ்டம், தொகுதியின் எல்லையை மாற்றுவது அதைவிட எளிது. டிரம்ப் தரப்பு அந்த எளிய வழியை எடுத்தது. ஜனநாயகக் கட்சி அதே வழியில் பதிலடி கொடுத்தது. மற்றதெல்லாம் இதன் கிளைக்கதைகள்தான்.

எல்லைக் கோட்டை யார் போடுகிறார்கள்? தேர்தல் ஆணையம் இல்லையா?

இல்லை. நம் ஊரில் இருப்பதுபோல நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தவும் எல்லை வகுக்கவும் பொதுவான ஆணையங்கள் அங்கே கிடையாது. தேர்தலின் காலம், இடம், முறை எல்லாவற்றையும் அந்தந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும், நாடாளுமன்றம் விரும்பினால் அதை மாற்றலாம் என்று அரசியலமைப்பின் முதல் கூறு சொல்கிறது. அதனால் பெரும்பாலான மாநிலங்களில் தொகுதி வரைபடம் ஒரு சாதாரண மசோதா. கீழவை, மேலவை இரண்டிலும் நிறைவேறி ஆளுநர் கையெழுத்துப் போட்டால் சட்டம். (அங்கே ஆளுநர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் கட்சிக்காரர். அதிகாரத்தில் நம் முதலமைச்சரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்படியானால் மாநிலத்தில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ, அந்தக் கட்சியே நாடாளுமன்றத் தொகுதிகளின் வடிவத்தை முடிவு செய்கிறது. பரிமாறுகிறவன் நம்மாள் என்றால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாலும் கவலையில்லை என்பார்களே, அதேதான்.

விதிவிலக்குகள் உண்டு. கலிபோர்னியா, அரிசோனா, மிச்சிகன், கொலராடோ போன்றவை இந்த வேலையைத் தனி ஆணையங்களிடம் கொடுத்திருக்கின்றன. அலாஸ்கா, வெர்மான்ட் போன்ற ஆறு மாநிலங்களுக்கு மொத்தமே ஒரு பிரதிநிதிதான், அங்கே வரையக் கோடே இல்லை.

இதுவும் நம் தொகுதி மறுவரையறைப் பிரச்சினையும் ஒன்றா?

பெயர் ஒன்று, நோய் வேறு. தமிழ்நாட்டின் கவலை எண்ணிக்கையைப் பற்றியது: மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு 39 இடங்களின் மதிப்பு குறைந்துவிடுமோ என்பது. அமெரிக்காவில் அந்தப் பங்கீடு ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் தானாக நடந்துவிடுகிறது. 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சஸுக்கு 2 இடம் கூடி 38 ஆனது, கலிபோர்னியாவுக்கு ஒன்று குறைந்து 52 ஆனது. முணுமுணுப்பு இருந்தது, கலவரம் இல்லை. இப்போதைய சண்டையில் எந்த மாநிலத்தின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஒரு மாநிலத்துக்குள்ளே கோடு எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதுதான் விஷயம். இந்தியாவில் அந்தக் கோட்டை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம் போடுகிறது. அதன்மீதும் ஜம்மு காஷ்மீரில் புகார்கள் எழுந்தன. ஆனால் ஆளும் கட்சி எம்எல்ஏக்களே உட்கார்ந்து எம்பி தொகுதிகளை வெட்டுவது என்பது இங்கே நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

கோட்டை நகர்த்தினால் மட்டும் முடிவு எப்படி மாறும்? ஓட்டு அதே ஓட்டுதானே?

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊரில் 50 வீடுகள். 30 வீடு நீலக் கட்சி, 20 வீடு சிவப்புக் கட்சி. பத்துப் பத்து வீடாக ஐந்து வார்டு பிரிக்க வேண்டும்.

நீலக்காரர் கையில் பேனா இருந்தால் ஒவ்வொரு வார்டிலும் 6 நீலம், 4 சிவப்பு வருமாறு பிரிப்பார். ஐந்தும் நீலத்துக்கு. ஊரில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கும் சிவப்புக்கு ஒன்றுமில்லை. பேனா சிவப்புக்காரர் கைக்குப் போனால்? இரண்டு வார்டில் 9 நீலம், 1 சிவப்பு என்று நீலத்தை அடைத்துவிடுவார். அதில் 18 நீல வீடு தீர்ந்தது. மிச்சம் 12 நீலத்தை மூன்று வார்டுக்கு நான்கு நான்காகச் சிதறவிட்டால், அந்த மூன்றிலும் சிவப்பு 6. சிறுபான்மையாக இருந்தும் சிவப்புக்கு மூன்று வார்டு, பெரும்பான்மைக்கு இரண்டு.

அடைப்பது, சிதறடிப்பது. இந்த இரண்டு வித்தைதான் மொத்தமும். முன்பு பென்சிலும் அனுபவமும் தேவைப்பட்டது. இப்போது கணக்கெடுப்பின் மிகச்சிறிய பிரிவான தெருத்தொகுப்பு வரை மக்கள்தொகையும் முந்தைய தேர்தல் வாக்குகளும் மென்பொருளில் ஏறியிருக்கின்றன. ஒரு தெருவை இந்தப் பக்கம் இழுத்தால் வாக்கு விகிதம் எவ்வளவு மாறும் என்பது அந்த நொடியே திரையில் தெரியும்.

"ஜெரிமாண்டர்" என்ற சொல் எங்கிருந்து வந்தது?

1812. மாசச்சூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி தன் கட்சிக்குச் சாதகமான ஒரு வரைபடத்தில் கையெழுத்திட்டார். அதில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் வளைந்து கிடந்தது. பாஸ்டன் பத்திரிகை ஒன்று அதற்கு நகமும் சிறகும் வரைந்து கேலிச்சித்திரமாகப் போட்டு, ஜெரியின் பெயரையும் பிராணியின் பெயரையும் ஒட்டிவிட்டது. ஜெரி சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், பின்னால் துணை அதிபரும் ஆனவர். பாவம், பல்லிதான் நிலைத்தது.

பத்தாண்டுக்கு ஒருமுறைதானே வரைய வேண்டும்? நடுவில் மாற்றச் சட்டம் இடம் தருகிறதா?

வழக்கம் வேறு, சட்டம் வேறு. பத்தாண்டு வழக்கத்துக்குக் காரணம் 1960களின் தீர்ப்புகள். அதற்கு முன் பல மாநிலங்கள் கோட்டைத் தொடாமலே காலத்தை ஓட்டின. நகரங்கள் வீங்கியும் கிராமத் தொகுதிகளின் கையே ஓங்கியிருந்தது. 1962இல் உச்ச நீதிமன்றம் இது நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய விஷயம்தான் என்றது. 1964இல் தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று விதித்தது. இன்று ஒரு தொகுதிக்குச் சராசரி சுமார் 7,61,000 பேர். எனவே ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் வரைந்தே ஆக வேண்டும்.

ஆனால் "அதற்குப் பிறகு வரையக் கூடாது" என்று எந்தக் கூட்டாட்சிச் சட்டமும் சொல்லவில்லை. சில மாநிலங்களின் சொந்த அரசியலமைப்பு தடுக்கிறது. கொலராடோவில் 2003இல் குடியரசுக் கட்சி நடுவில் மாற்றப் பார்த்தபோது, பத்தாண்டுக்கு ஒருமுறைதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. டெக்சஸில் அப்படித் தடை இல்லை.

நடுவில் வரையும்போது கையில் இருப்பது பழைய 2020 கணக்கெடுப்புதான் என்பதையும் கவனியுங்கள். ஐந்து ஆண்டில் எவ்வளவோ பேர் குடிபெயர்ந்திருப்பார்கள், அது கணக்கில் வராது. ஆகவே "மக்கள்தொகை மாறிவிட்டது, அதனால் வரைகிறோம்" என்ற சமாதானம் எடுபடாது.

முன்பு யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், அதே டெக்சஸில். 2002 தேர்தலில் டெக்சஸிலிருந்து 17 ஜனநாயகக் கட்சியினரும் 15 குடியரசுக் கட்சியினரும் போயிருந்தார்கள். மாநிலச் சட்டமன்றமோ அதே தேர்தலில் முழுவதும் குடியரசுக் கட்சி வசமானது. பிரதிநிதிகள் அவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த டாம் டிலே, வரைபடத்தை மறுபடி போடு என்று 2003இல் நெருக்கினார்.

ஜனநாயகக் கட்சியின் கீழவை உறுப்பினர்கள் மாநில எல்லையைத் தாண்டி ஓக்லஹோமாவின் ஆர்ட்மோர் ஊரில் போய்த் தங்கினார்கள். அவர்கள் போன விமானத்தைத் தேட டிலேயின் அலுவலகம் மத்திய விமானப் போக்குவரத்துத் துறையை நாடியது. அதற்காக அவை ஒழுங்குக் குழு பின்னர் அவரைக் கண்டித்தது. அடுத்த சுற்றில் மேலவை உறுப்பினர்கள் 11 பேர் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஜான் விட்மயர் என்ற ஒருவர் திரும்பியதும் கட்டு அவிழ்ந்தது. 2004 தேர்தலில் முடிவு: குடியரசுக் கட்சி 21, ஜனநாயகக் கட்சி 11.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு தொகுதி லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் வாக்குரிமையைப் பாதிக்கிறது என்று அதை மட்டும் 2006இல் திருத்தச் சொன்னது. பத்தாண்டின் நடுவே வரைவதே தவறு என்று சொல்ல மறுத்தது. 2025க்கான கதவு அப்போதே திறந்துவிட்டது.

2025இல் டெக்சஸில் என்னதான் நடந்தது?

அப்போது டெக்சஸின் 38 இடங்களில் 25 குடியரசுக் கட்சியிடம். இன்னும் ஐந்து வேண்டும் என்று டிரம்ப் வெளிப்படையாகவே கேட்டார். ஜூலை 7 அன்று மத்திய அரசின் நீதி அமைச்சகம் டெக்சஸுக்கு ஒரு கடிதம் எழுதியது: உங்கள் நான்கு தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டவை, அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று. இதே மாநிலம் இனத்தைப் பார்க்காமலே வரைந்தோம் என்று அதுவரை நீதிமன்றத்தில் வாதாடி வந்தது என்பது தனி வேடிக்கை. ஆளுநர் கிரெக் அபாட் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டி, நிகழ்ச்சி நிரலில் வரைபடத்தையும் சேர்த்தார். வெள்ள நிவாரணமும் அதே நிரலில்தான் இருந்தது. ஜூலை 4 அன்று மலைப்பகுதியில் வந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை.

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின்–சான் அன்டோனியோ வட்டாரம், மெக்சிகோ எல்லையோரத் தெற்கு. புதிய வரைபடம் குறிவைத்தது இந்தப் பகுதிகளை.

உறுப்பினர்கள் ஏன் மாநிலத்தை விட்டே ஓடினார்கள்?

கோரம். அவை நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதற்கான சொல். (தமிழில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு, இந்தக் கதைக்கு அதுவும் பொருந்தும்.) பெரும்பாலான சட்டமன்றங்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். டெக்சஸில் மூன்றில் இரண்டு பங்கு. 150 பேர் கொண்ட கீழவையில் 100 பேர் உட்கார்ந்தால்தான் அவை. குடியரசுக் கட்சியினர் 88, ஜனநாயகக் கட்சியினர் 62. ஓட்டெடுப்பில் ஜெயிக்க முடியாது, ஆனால் 51 பேர் வராவிட்டால் ஓட்டெடுப்பே நடக்காது.

ஆகஸ்ட் 3 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள், பெரும்பாலும் இல்லினாய்க்கு. மாநிலத்துக்குள் இருந்தால் அவைத்தலைவர் காவலர்களை அனுப்பிக் கூட்டிவந்துவிடலாம், வெளியே போனால் அந்த உத்தரவு செல்லாது. ஒரு நாள் வராவிட்டால் அபராதம் 500 டாலர். டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினரின் சம்பளம் மாதத்துக்கு 600 டாலர் என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2021இல் ஜனநாயகக் கட்சியினர் வேறொரு மசோதாவுக்கு எதிராக வாஷிங்டனுக்குப் போய் உட்கார்ந்த பிறகு கொண்டுவந்த அபராதம் இது.

இரண்டு வாரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்து ஆகஸ்ட் 18 அன்று திரும்பினார்கள். திரும்பியவர்களுக்குக் காவலர் ஒருவரைக் கூடவே அனுப்ப அவைத்தலைவர் ஏற்பாடு செய்தார். மறுபடி ஓடிவிடக் கூடாதே. நிக்கோல் காலியர் என்ற உறுப்பினர் அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்து, அவைக்குள்ளேயே இரவைக் கழித்தார். ஆகஸ்ட் 20 அன்று 88க்கு 52 என்று மசோதா கீழவையில் நிறைவேறியது. 29 அன்று ஆளுநர் கையெழுத்து.

ஓடிப்போய் என்ன சாதித்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மசோதாவைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரம்தான் யாரும் கவனிக்காமல் முடிந்திருக்கக்கூடிய ஒரு விஷயத்தை நாடு முழுக்கப் பேசவைத்தது. கலிபோர்னியா களமிறங்கியதும் அப்போதுதான்.

நீதிமன்றம் ஏன் தடுக்கவில்லை?

இங்கேதான் சட்டம் ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறது. இன அடிப்படையில் கோடு போட்டால் தவறு. கட்சி ஆதாயத்துக்காகப் போட்டால் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிடாது. 2019இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அப்படித் தீர்த்தது. வட கரோலினா வழக்கு அது. அங்கே தொகுதி வரையும் குழுவின் இணைத் தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் டேவிட் லூயிஸ், நாங்கள் எங்கள் கட்சிக்கு 10க்கு 3 என்று வரைவது 11க்கு 2 என்று வரைய முடியாது என்பதால்தான் என்று சட்டமன்றத்திலேயே பேசியிருந்தார். ஒப்புதல் வாக்குமூலமே கையில் இருந்தும், இதை அளக்க எங்களிடம் அளவுகோல் இல்லை என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். மாநில நீதிமன்றங்களும் வாக்காளர்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் காட்டிய வழி.

சிக்கல் என்னவென்றால், தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறார்கள். அவர்களைச் சிதறடித்துவிட்டு "இனத்தைப் பார்க்கவில்லை, கட்சியைத்தான் பார்த்தேன்" என்றால், பொய் என்று நிரூபிப்பது யார் பாடு? டெக்சஸ் வழக்கில் நீதி அமைச்சகத்தின் அந்தக் கடிதமே சாட்சியானது. நவம்பர் 18 அன்று எல் பாசோவில் மூன்று நீதிபதிகள் அமர்வு 2க்கு 1 என்று வரைபடத்தை நிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்த ஜெஃப்ரி பிரவுன். டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது: சட்டமன்றம் நல்லெண்ணத்தோடு செயல்பட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், தேர்தல் நெருங்கும்போது நீதிமன்றம் விதியை மாற்றக் கூடாது. மூன்று நீதிபதிகள் மறுப்பு எழுதினார்கள். உடன்பட்ட நீதிபதி அலிட்டோவோ, டெக்சஸானாலும் கலிபோர்னியாவானாலும் உந்துதல் கட்சி ஆதாயம் மட்டுமே என்று எழுதினார். கண்டனமாக அல்ல, அதனால் செல்லும் என்ற அர்த்தத்தில்!

கலிபோர்னியாவில் ஆணையம் இருக்கிறதே, அவர்கள் எப்படி மாற்றினார்கள்?

ஆணையத்தை ஓரம் கட்ட மக்களிடமே அனுமதி கேட்டார்கள். 2008இல் மாநிலத் தொகுதிகளுக்கும் 2010இல் நாடாளுமன்றத் தொகுதிகளுக்கும் குடிமக்கள் ஆணையத்தை வாக்காளர்கள் உண்டாக்கியிருந்தார்கள். 14 பேர்: இரு பெரிய கட்சிகளிலிருந்து ஐந்து ஐந்து, எதிலும் சேராதவர் நான்கு. மாநில அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட ஏற்பாடு என்பதால் சட்டமன்றத்தால் தானாகத் தொட முடியாது. எனவே ஆளுநர் கேவின் நியூசம் 2030 வரை மட்டும் ஒரு தற்காலிக வரைபடம் என்று 50ஆம் முன்மொழிவைக் கொண்டுவந்தார். குறி, டெக்சஸுக்குப் பதிலாக ஐந்து இடங்கள். ஏற்கெனவே 52இல் 43 அவருடைய ஜனநாயகக் கட்சி வசம்தான் இருந்தது.

ஆணையத்தைக் கொண்டுவரப் பாடுபட்ட முன்னாள் ஆளுநர் அர்னால்டு சுவார்ஸ்நெகர் எதிர்த்துப் பிரசாரம் செய்தார். நவம்பர் 4 அன்று ஏறத்தாழ 64 சதவீத ஆதரவோடு முன்மொழிவு வென்றது.

டெக்சஸ் செய்ததும் இதுவும் ஒன்றா என்பது அங்கே இன்னும் ஓயாத வாக்குவாதம். என் கணக்கில் பாதி ஒன்று. பொருள் ஒன்றேதான், எதிர்க்கட்சி வாக்காளர்களைச் சிதறடிக்கும் வரைபடம். வழி வேறு. ஓரிடத்தில் 88 பேர் முடிவு செய்தார்கள், மற்றதில் வாக்காளர்களைக் கேட்டார்கள். வடக்கு மூலையில் இருக்கும் பண்ணைக்காரருக்குத் தன் தொகுதி கடலோரத்துப் பணக்கார ஊர்களோடு ஒட்டிப்போனதில் இந்த வித்தியாசம் ஆறுதல் தருமா என்பது வேறு கேள்வி.

மற்ற மாநிலங்கள்?

வேகமாகப் பார்த்துவிடலாம். மிசௌரியில் செப்டம்பரில் சிறப்புக் கூட்டம். கான்சஸ் நகரத்தை மூன்று தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், 2005 முதல் எம்பியாக இருக்கும் இமானுவேல் கிளீவரின் இடத்தைப் பிடிக்க. 8இல் 6 போதவில்லை, 7 வேண்டும். அந்த நகரில் கறுப்பர், வெள்ளையர் குடியிருப்புகளைப் பல காலம் பிரித்துவந்த டுரூஸ்ட் அவென்யூவையே எல்லைக்கோடாகவும் எடுத்துக்கொண்டார்கள். எதிர்த்தவர்கள் வாக்கெடுப்பு கோரி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளை டிசம்பரில் ஒப்படைத்தார்கள்.

வட கரோலினா கதை நீதிமன்றமும் அரசியலும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு நல்ல உதாரணம். 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் வரைபடத்தை ரத்து செய்தது. நீதிமன்ற வரைபடத்தில் தேர்தல் நடந்து 7க்கு 7 வந்தது. அதே தேர்தலில் நீதிபதிகளும் மாறினார்கள், ஆம், அங்கே அவர்களுக்கும் தேர்தல் உண்டு. 2023இல் குடியரசுக் கட்சியின் புதிய பெரும்பான்மை பழைய தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. புதிய வரைபடம் வந்தது. 2024இல் குடியரசுக் கட்சிக்கு 10க்கு 4. அப்புறம் 2025 அக்டோபரில் மறுபடி தொட்டு 11க்கு 3 ஆக்கப் பார்த்தார்கள். ஆளுநர் ஜோஷ் ஸ்டெய்ன் ஜனநாயகக் கட்சிக்காரர், ஆனால் தொகுதி வரைபடத்தை நிராகரிக்கும் அதிகாரம் அந்த மாநில ஆளுநருக்கு இல்லை.

ஒகையோ கட்டாயத்தால் வரைந்தது: முந்தைய வரைபடத்துக்கு இரு கட்சி ஆதரவு இல்லாததால் நான்கு ஆண்டுதான் ஆயுள் என்பது அங்கே விதி. யூட்டாவில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 2018இல் வாக்காளர்கள் கொண்டுவந்த சீர்திருத்தத்தைச் சட்டமன்றம் நீர்த்துப்போகச் செய்தது செல்லாது என்றாகி, 2025 நவம்பரில் நீதிபதி தேர்ந்தெடுத்த வரைபடத்தில் சால்ட் லேக் நகரை மையமாக வைத்து ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான ஒரு தொகுதி உருவானது.

ஜனநாயகக் கட்சி மட்டும் யோக்கியமா?

இல்லை. டெக்சஸ் உறுப்பினர்கள் ஜனநாயகத்தைக் காக்கத் தஞ்சம் புகுந்த இல்லினாயின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 17இல் 14 ஜனநாயகக் கட்சிக்கு, அதற்காகச் சில தொகுதிகள் நூடுல்ஸ் மாதிரி நீண்டு கிடக்கின்றன. மேரிலாந்தில் 8இல் 7. எட்டாவதையும் எடுக்கலாம் என்று பேச்சு கிளம்பியபோது, மேலவைத் தலைவர் பில் ஃபெர்குசன், அவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான், வேண்டாம் என்று சக உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் போனால் கையில் இருப்பதும் போய்விடலாம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஆனால் மாசச்சூசெட்ஸைக் காட்டி "9இல் 9 எப்படி?" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே குடியரசுக் கட்சி வாக்காளர்கள் மாநிலம் முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறார்கள். நேர்மையாக வரைந்தாலும் அவர்களுக்கென்று ஒரு தொகுதி அமைவது கடினம். எல்லா ஒருபக்க முடிவும் சூதல்ல.

இண்டியானாவில் என்ன நடந்தது?

எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த பகுதி இது. மாநில மேலவையில் 50 பேர், அதில் 40 பேர் குடியரசுக் கட்சி. நாடாளுமன்ற இடங்கள் 9இல் 7 ஏற்கெனவே அவர்களுடையவை. இண்டியானாபொலிஸ் நகரை நான்காகப் பிளந்தால் ஒன்பதும் கிடைக்கும். துணை அதிபர் வான்ஸ் இரண்டு முறை நேரில் வந்தார். ஆளுநர் மைக் பிரான் சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்தார். எதிர்ப்பவர்களுக்கு, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த உட்கட்சித் தேர்தலில் போட்டியாளரை நிறுத்துவேன் என்று டிரம்ப் பெயர் சொல்லி எச்சரித்தார். மேலவை உறுப்பினர்கள் பலருக்கு மிரட்டல் வந்தது. வீட்டில் கொலை நடக்கிறது என்பதுபோலப் பொய்த் தகவல் கொடுத்து ஆயுதப் போலீஸை வீட்டு வாசலுக்கு வரவழைக்கும் கொடுமையும் நடந்தது.

மேலவைத் தலைவர் ரோட்ரிக் பிரே, ஓட்டு இல்லை என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கீழவை 57க்கு 41 என்று நிறைவேற்றி அனுப்பியது. டிசம்பர் 11 அன்று மேலவை எண்ணியபோது ஆதரவு 19, எதிர்ப்பு 31. எதிர்த்த 31இல் 21 பேர் குடியரசுக் கட்சியினர். அவர்கள் திடீரென்று தாராளவாதிகளாகிவிடவில்லை. வாஷிங்டன் வந்து எங்கள் வேலையை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம் என்பதும், மிரட்டினால் பணியமாட்டோம் என்பதும், தொகுதி மக்கள் வேண்டாம் என்றார்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். மாநிலச் சட்டமன்றத்திடம் பேனாவைக் கொடுத்த அதே ஏற்பாடுதான், பேனாவைக் கீழே வைக்கும் உரிமையையும் அதற்குக் கொடுத்திருக்கிறது.

இப்படி வரைவது வரைந்தவர்மீதே திரும்புமா?

திரும்பலாம். மேலே சொன்ன 50 வீட்டுக் கணக்கில் சிவப்பு ஜெயித்த மூன்று வார்டிலும் 6க்கு 4தான். ஒவ்வொன்றிலும் இரண்டு வீடு மனம் மாறினால் மூன்றும் போச்சு. அதிக இடம் வேண்டுமென்றால் வாக்கை மெல்லியதாகப் பரப்ப வேண்டும், மெல்லியது கிழியும். டெக்சஸின் தெற்குப் பகுதிக் கோடுகள், 2024இல் லத்தீன் வம்சாவளி வாக்காளர்கள் டிரம்ப் பக்கம் சாய்ந்த அளவை நம்பிப் போடப்பட்டவை. அந்தச் சாய்வு கட்சிக்கா, அந்த ஒரு மனிதருக்கா என்பதில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது.

நாடாளுமன்றமே தடை செய்துவிடலாமே?

அதிகாரம் இருக்கிறது. 2021இல் எல்லா மாநிலங்களிலும் தனி ஆணையம் என்ற மசோதா ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மையோடு கீழவையில் நிறைவேறி, மேலவையான செனட்டில் முடங்கியது. 2025இல் பத்தாண்டின் நடுவே வரையத் தடை கேட்டு மசோதா கொண்டுவந்தவர்களில் ஒருவர் குடியரசுக் கட்சியின் கெவின் கைலி. கலிபோர்னியாக்காரர். அவருடைய தொகுதிதான் அங்கே வெட்டுப்பட்டது என்று சொன்னால் அவருடைய ஆர்வம் புரியும்.

தொகுதி காணாமல் போன எம்பி என்ன செய்வார்?

பக்கத்துத் தொகுதியில் நிற்கலாம். எம்பி அந்த மாநிலத்தில் வசித்தால் போதும், தொகுதிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு கேட்பதில்லை. ஆஸ்டினின் லாயிட் டாகெட் இதில் அனுபவசாலி. 1995இல் 10ஆம் தொகுதியின் எம்பியாக நாடாளுமன்றம் போனார். டிலேயின் வரைபடம் ஆஸ்டினைச் சிதறடித்ததும், அங்கிருந்து மெக்சிகோ எல்லை வரை நீண்ட 25ஆம் தொகுதிக்கு மாறி நின்று வென்றார். அடுத்த பத்தாண்டில் 35, அதற்கடுத்து 37. ஊர் மாறாமல் நான்கு எண்களைப் பார்த்துவிட்டார். 2025 வரைபடம் அவரையும் அதே கட்சியின் இளைஞரான கிரெக் கசாரையும் ஒரே 37ஆம் தொகுதிக்குள் தள்ளியது. 78 வயதில் டாகெட், இந்த வரைபடம் நிலைத்தால் நான் நிற்கவில்லை என்று ஆகஸ்டில் அறிவித்தார். டிசம்பரில் அது நிலைத்தது.